கல்லாப்பெட்டி: கத்தரித்துக் கொடுத்த காசு

தங்கசாலைத் தெருவில் ஒரு வங்கிக் கிளையில் 34 ஆண்டுகள் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர், பணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்.

சம்பந்தி வீட்டுப் பழைய சூட்கேசில் ஒரு தாள் கிடைத்தது. நடுவில் அட்டை மாதிரி ஏதோ அச்சாகியிருக்கிறது. சுற்றிலும் தபால்தலை அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள். சில கட்டங்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சம்பந்தி 1990 வாக்கில் உக்ரைனில் மருத்துவம் படித்தவர். "அப்போது அங்கே இதுதான் காசு" என்கிறார். என் கணவரோ, "காசாவது, இது வெறும் ரேஷன் கார்டு" என்கிறார். யார் சொல்வது சரி?
*— இல்லத்தரசி, பெரம்பூர்*

இரண்டு பேருமே சரி அம்மா, ஆனால் வெவ்வேறு ஆண்டுக்கு. உங்கள் கையில் இருக்கும் தாளைப் பொறுத்தவரை வெற்றி உங்கள் கணவருக்கு. சம்பந்தி சொல்வது அதற்கு அடுத்து வந்த தாளை. இரண்டையும் என் அக்காள் மகன் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். அவனும் அந்தக் காலத்தில் கீவ் நகரில் மருத்துவம் படித்தவன்தான்.

முதலில் உங்கள் தாள். 1990ஆம் ஆண்டின் இறுதி. சோவியத் ஒன்றியம் இன்னும் உடையவில்லை. மக்கள் கையில் ரூபிள் நிறைய இருக்கிறது, கடை அலமாரியில் சாமான் இல்லை. பக்கத்துக் குடியரசுக்காரர்களும் வந்து இருப்பதை வாரிக்கொண்டு போகிறார்கள். அப்போது உக்ரைனில் இந்தத் தாளைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நடுவில் இருப்பதில் மாதமும் தொகையும் போட்டிருக்கும். வேலை செய்யும் இடத்தின் முத்திரை விழும். கடையில் பொருளுக்கான ரூபிளையும் கொடுக்க வேண்டும், தாளையும் நீட்ட வேண்டும். விற்பனைப் பெண் கத்தரிக்கோலால் அந்தத் தொகைக்குரிய கட்டங்களை வெட்டி எடுத்துக்கொள்வாள். ரூபிள் இருந்து கட்டம் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கட்டம் மட்டும் இருந்து ரூபிள் இல்லாவிட்டாலும் அதே கதிதான். மாதம் முடிந்தால் மிச்சமிருக்கும் கட்டங்கள் குப்பை.

இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 2008 செப்டம்பரிலிருந்து நம் ரேஷன் கடைகளில் அரிசி கிலோ 1 ரூபாய். 20 கிலோவுக்கு 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்கு வெளியில் ஒரு கிலோ அரிசி கிடைப்பதே பெரிய பாடு. அப்படியானால் அந்தக் கடையில் விலையாக நாம் உண்மையில் கொடுத்தது ரூபாயையா, கார்டையா? எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாள் இதற்கு அப்போதே விடை கண்டுபிடித்துவிட்டார். ரேஷன் அரிசி வாங்காத நான்கு வீட்டுக்காரர்களின் கார்டுகள் அவர் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தன. ரூபாய் அவருடையது, உரிமை எங்களுடையது. வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வட்டியாக மாவு வந்தது. (2011 ஜூனில் அரிசியை இலவசமாக்கியபோது அந்த 20 ரூபாய் வேடமும் கலைந்தது.)

இப்போது சம்பந்தியின் கட்சி. உக்ரைன் 1991 ஆகஸ்ட் 24 அன்று சுதந்திரம் அறிவித்தது. டிசம்பரில் பொது வாக்கெடுப்பில் அது உறுதியானது. நாடு கிடைத்தது, நோட்டு கிடைக்கவில்லை. ரூபிள் அச்சடிக்கும் இயந்திரங்கள் ரஷ்யாவில் இருந்தன. கணக்குப் புத்தகத்தில் ரூபிளை எழுதிக் கடன் கொடுக்க எல்லாக் குடியரசுகளின் மத்திய வங்கிகளாலும் முடியும். கையில் எண்ணிக் கொடுக்க ஆளுக்கொரு நோட்டு வேண்டுமென்றால் மாஸ்கோவைத்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் 15 பேர் பொதுக் கணக்கில் செலவு எழுதலாம், இரும்புப் பெட்டிச் சாவி மட்டும் ஒருவர் இடுப்பில் என்றால் அந்தக் கூட்டுக் குடும்பம் எத்தனை நாள் ஓடும்? 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யா தன் நாட்டில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அங்கே விலை எகிறினால் ரூபிள் மூட்டையோடு ஆட்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எட்டே நாளில், ஜனவரி 10 அன்று, உக்ரைன் புதுக் கூப்பனை வெளியிட்டது.

இது கத்தரிக்கும் கூப்பன் அல்ல. தனித்தனித் தாளாக, 1 முதல் 100 வரையிலான மதிப்புகளில், பிரான்சில் அச்சடித்து வரவழைத்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய கட்டத்தை வெட்டினால் அது குப்பைக்கூடைக்குப் போகும். புதுக் கூப்பன் கல்லாவுக்குள் போய், அடுத்து வருபவருக்கு மீதிச் சில்லறையாக வெளியே வரும். என் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வேலை முடிந்து கம்பியில் குத்தப்படுவது சீட்டு. கல்லாவுக்குள் போய்த் திரும்பி வருவது காசு. அரசாங்கம் அதற்கு என்ன பெயர் வைத்தது என்பது இரண்டாம் பட்சம். அதைக் 'கூப்பன்' என்றே அச்சடித்தார்கள். சில மாதங்களுக்கு ரூபிளும் கூடவே புழங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் ரூபிளை முற்றாக விலக்கிவிட்டு, இதையே கார்போவானெட்ஸ் என்ற பெயரில் நாட்டின் ஒரே பணமாக்கினார்கள். பெயர் அப்புறம் வந்தது, வேலை முன்பே தொடங்கிவிட்டது.

அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு 25 கார்போவானெட்ஸ் தாளை என் முன்னால் வைத்தான். முன்பக்கம் ஒரு பெண் படகில் நிற்கிறாள்; கீவ் நகரைக் கட்டியதாகச் சொல்லப்படும் மூன்று அண்ணன் தம்பிகளின் தங்கை, பெயர் லீபித். பின்பக்கம் புனித சோஃபியா தேவாலயம். அழகாகத்தான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "என்ன மாமா தேடுகிறீர்கள்?" என்றான். வரிசை எண்ணைத் தேடினேன். இல்லை. நம்பர் இல்லாத நோட்டை அன்றுதான் முதல்முறையாகத் தொட்டேன். திருட்டுப்போனால் எதை வைத்துப் புகார் எழுதுவது, கள்ள நோட்டு வந்தால் எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஆறு மாதத்துக்கான ஏற்பாடுதானே மாமா, இதற்குப் போய் எதற்கு நம்பர்?" என்று சிரித்தான். அவன் படித்துக்கொண்டிருந்த ஊரிலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆனது. 1993ஆம் ஆண்டில் மட்டும் அங்கே விலைவாசி நூறு மடங்குக்கு மேல் ஏறியது. நூறு சதவீதம் அல்ல, நூறு மடங்கு. 1 கூப்பனில் தொடங்கிய வரிசை 1995இல் 10,00,000 கார்போவானெட்ஸ் நோட்டில் போய் நின்றது. காரணம் கூப்பன் அல்ல. ஆலைகளுக்கும் கூட்டுப் பண்ணைகளுக்கும் வரவே இல்லாமல் கடன் எழுதிக்கொண்டே போனார்கள். ரஷ்ய எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பழைய சலுகை விலை போயிற்று. பூட்டுப் போட்ட கதவு வெளியாரைத்தான் தடுக்கும். வீட்டுக்குள்ளேயே ஓட்டைக் குடம் இருந்தால் பூட்டு என்ன செய்யும்?

இத்தனைக்கும் நல்ல நோட்டு தயாராகவே இருந்தது. ஹிரிவ்னியா என்ற புதுப் பணத்தைக் கனடாவில் அச்சடித்து வாங்கி, 1992 என்று ஆண்டும் போட்டு வைத்திருந்தார்கள். பண்டிகைக்கு எடுத்த பட்டுப்புடவையை மழைக்காலம் முடியட்டும் என்று பீரோவில் மடித்து வைப்பதுபோல, வெளியே விடாமல் காத்திருந்தார்கள். நல்ல நோட்டை அந்த வெள்ளத்தில் இறக்கியிருந்தால் அதுவும் நனைந்து நாறியிருக்கும். மக்கள் மனத்தில் அந்தப் பெயரே கெட்டிருக்கும். விலைவாசி அடங்கிய பிறகு, 1996 செப்டம்பர் 2 முதல் 16 வரை மாற்றினார்கள்: 1,00,000 கார்போவானெட்ஸுக்கு 1 ஹிரிவ்னியா. அப்போது அங்கே மத்திய வங்கித் தலைவராக இருந்த விக்டர் யூஷ்சென்கோ பிற்பாடு நாட்டின் அதிபரானார். நோட்டு மாற்றியவருக்கு மக்கள் ஓட்டுப் போடுவது அபூர்வம்.

ஆக, கெட்டுப்போவதற்கென்றே ஒரு பணம். அடி வாங்குவதெல்லாம் அதுவே வாங்கிவிட்டுப் போனது. எனக்கு அந்த நம்பர் இல்லாத தாள்மேல் இன்றைக்கும் ஒரு பரிவு உண்டு.

லித்துவேனியாவில் ஒரே செருப்புக்கு இரண்டு முறை காசு வாங்கினார்கள் என்று படித்தேன். பகல் கொள்ளை அல்லவா?
*— தோல் வியாபாரி, பெரியமேடு*

இரண்டு முறை வாங்கினார்கள் என்பது உண்மை. கொள்ளை என்று சொல்ல மாட்டேன். 1991 ஆகஸ்டில் அங்கே தலோனஸ் என்ற கூப்பன் வந்தது. சம்பளத்தில் ஒரு பங்குக்குச் சமமான கூப்பன் சம்பளத்துக்கு மேலாகக் கிடைக்கும். உணவுப் பொருள் தவிர மற்றவற்றை வாங்க, 50 ரூபிள் செருப்பு என்றால் 50 ரூபிளும் 50 தலோனஸும் வைக்க வேண்டும். உங்கள் தொழிலில் சொல்வதென்றால், ரூபிள் இடது கால், கூப்பன் வலது கால். ஒற்றைச் செருப்பை யாரும் வாங்குவதில்லை. ஆனால் செருப்புக்கடையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், எந்தக் கால் கடிக்கிறதோ அதுதான் நினைவில் நிற்கும். எதற்குத் தட்டுப்பாடோ அதுவே மெய்யான விலை ஆகிவிடும். 1992 மே மாதத்தில் தலோனஸை ரூபிளுக்குப் பக்கத்தில் தனிப் பணமாகவே மீண்டும் இறக்கினார்கள். அக்டோபரில் ரூபிள் போய்விட்டது. 1993 ஜூன் 25 அன்று 100 தலோனஸுக்கு 1 லிதஸ் என்று புதுப் பணத்துக்கு மாறியதோடு அதுவும் முடிந்தது.

தலோனஸ் நோட்டுகளில் அந்நாட்டு விலங்குகளின் படங்கள். மக்கள் 'மிருகக்காட்சி சாலை டிக்கெட்' என்று கேலி செய்தார்கள். அன்றைய பிரதமர் கெடிமினாஸ் வாக்னோரியஸ். அவர் பெயரால் 'வாக்னோர்கே' என்றும் அழைத்தார்கள். பக்கத்து லாத்வியாவில் 1992 மே மாதம் வந்த இடைக்கால ரூபிளுக்கு, மத்திய வங்கித் தலைவர் எய்னார்ஸ் ரெப்ஷே பெயரால் 'ரெப்ஷிகி'. பெலாரஸில் முதல் 1 ரூபிள் நோட்டில் முயல் குதித்ததால் பணத்துக்கே 'முயல்குட்டி' என்று பெயர். நம் ஊரில் இப்படி ஒரு நோட்டு வந்து அதற்குத் தலைவர் பெயர் வைத்தால், மதிப்பு இறங்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை பஸ் கண்ணாடி உடையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூப்பனே மலிவு.

கூப்பன் கட்டத்தைத் தாண்டாமல் நேராகப் புதுப் பணத்துக்குப் போன நாடு உண்டா?
*— போட்டித் தேர்வு மாணவி, அண்ணா நகர்*

எஸ்டோனியா. 1992 ஜூன் 20. ஆளுக்கு 1,500 ரூபிள் வரை, 10 ரூபிளுக்கு 1 குரூன் என்று மாற்றிக் கொடுத்தார்கள். 8 குரூனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று கட்டிப்போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் வெளிநாடுகளில் வைத்திருந்த தங்கம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, சின்ன நாடு, அரசாங்கமும் கைக்கு மீறி நோட்டடிக்க முடியாதபடி தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. மாற்றப் போகிறவர்களின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். 2016 நவம்பரில் நம் வங்கிகளில் விரலில் மை வைத்தார்களே, அந்த வரிசையில் நான் என் பழைய கிளையிலேயே மூன்று மணி நேரம் நின்றேன். அன்று எனக்கு எஸ்டோனியாவின் பட்டியல் நினைவுக்கு வந்தது. மேலும் சொன்னால் அரசியல் ஆகிவிடும்.

தேர்வுக்கு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜார்ஜியா. 1993 ஏப்ரலில் கூப்பன், 1995 அக்டோபரில் 'லாரி' என்ற புதுப் பணம். மாற்று விகிதம் 10,00,000 கூப்பனுக்கு 1. உள்நாட்டுச் சண்டை நடக்கும் நாட்டில் கூப்பன் வந்தால் அந்தக் கதிதான்.

1947இல் நாமும் புது நாடுதானே? நமக்கு ஏன் இந்தக் கூப்பன் பணம் தேவைப்படவில்லை?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்*

நாசிக் நோட்டு அச்சகம் நம் பக்கம் இருந்தது ஐயா, அதுதான் பெரிய காரணம். நம் கதையில் உக்ரைனின் இடத்தில் இருந்தது பாகிஸ்தான். அவர்களிடம் மத்திய வங்கியும் இல்லை, நோட்டு அச்சகமும் இல்லை. 1948 ஜூன் 30 வரை அவர்களுக்கும் நம் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. நம் நோட்டிலேயே 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் மேலச்சு குத்திக் கொடுத்தார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம், ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து, மேலே பாகிஸ்தான் பெயர்: மூன்று அரசுகள் ஒரே தாளில். இப்படி ஒன்றை மெட்ராஸ் காயின் சொசைட்டிக் கண்காட்சியில் ஒருமுறை பார்த்துவிட்டு அந்த மேசையை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன். நம் பக்கத்தில் அவசரமே காட்டவில்லை. மன்னர் படம் போட்ட நோட்டுகள் சுதந்திரத்துக்குப் பிறகும் புழங்கின. அசோகர் தூண் போட்ட 1 ரூபாய் நோட்டு 1949இல் வந்தது. குடியரசின் சொந்த நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15 அன்று.

கூப்பன் நமக்கு வந்ததும் உண்டு, ஆனால் அதற்கு முன்பே. இரண்டாம் உலகப் போரில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். செம்பு போருக்குப் போயிற்று, மிச்சத்தை மக்கள் பதுக்கினார்கள். மேற்கு இந்தியாவின் சில சமஸ்தானங்கள் 1943 வாக்கில் காசுக்குப் பதில் அட்டைத் துண்டுகளை அச்சடித்து விட்டன. பெயரே 'காசுக் கூப்பன்'. இன்று சேகரிப்பவர்கள் அதற்கு அலைகிறார்கள்.

உணவு ரேஷன் வேறு விஷயம். போர்க்காலத்தில் வந்த அந்தக் கட்டுப்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் மதராஸில் தொடர்ந்தது. 1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி அதை நீக்கினார். என் தாயார் அந்த நாளைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "கல்யாணத்துக்கு ஆட்களை எண்ணாமல் கூப்பிட முடிந்தது."

பொங்கல் பரிசு டோக்கனை ஒருவர் 500 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
*— தையல்காரர், அயனாவரம்*

கூடாது. டோக்கனில் தேதியும் நேரமும் இருக்கிறது. கடையில் உங்கள் குடும்ப அட்டையைக் கேட்பார்கள். அது கம்பியில் குத்தப்படும் சாதி, கல்லாவுக்குத் திரும்பாது. 500 ரூபாய் கொடுக்கிறவர் அட்டையையும் சேர்த்துத்தான் கேட்பார். அப்புறம் அதைத் திரும்பப் பெற நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

எங்கள் பேட்டை மளிகைக்கடையில் 2 ரூபாய் மீதிக்கு மிட்டாய் தருகிறார்கள். அதுவும் பணமா?
*— கல்லூரி மாணவர், வியாசர்பாடி*

நான்கு மிட்டாயைச் சேர்த்துவைத்து அதே கடையில் சோப்புக்கு நீட்டிப் பாருங்கள். வாங்கிக்கொண்டால் பணம். நான் நீட்டிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், வெயிலில் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள்" என்றார்.

சோவியத் உடைந்த காலத்துக் கூப்பன்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. நல்ல விலை போகுமா?
*— பெயர் வேண்டாம், பர்மா பஜார் அருகில்*

போகாது. கோடிக்கணக்கில் அச்சடித்தவை, ஒரு பிளேட் போண்டாவும் ஒரு காபியும் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சம்பந்தி வீட்டு முழுத்தாள் மாதிரி, சில கட்டங்கள் வெட்டப்பட்டு முத்திரையோடு இருப்பவற்றை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். எது வெட்டப்பட்டது, எதற்காக என்று அதன் சொந்தக்காரர் சொல்லக் கேட்கலாம். பெரம்பூர் வாசகி அவசியம் கேட்டு எழுதுங்கள்.

நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாமல் விட்டது அந்த நம்பர் இல்லாத 25 கார்போவானெட்ஸ் தாளை. அக்காள் மகன் அதை உடற்கூற்றியல் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தான். படிப்பு முடிந்து வந்து, வீடு மாற்றும்போது அக்காள் அந்தப் புத்தகங்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டாள். அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகள் வரை போய்த் தேடினேன். கனமான ருஷ்யப் புத்தகம், நீல அட்டை, முதுகில் எண்ணெய்க் கறை. யாரிடமாவது இருந்தால், முழங்கால் மூட்டுப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.